புதுப் புடவை சாயம் விடுதா? கல் உப்பு காப்பாற்றாது! சுங்குடி முடிச்சுக்குள் இருக்கும் சூட்சுமம்

மதுரை:

புதுசா வாங்கிய காட்டன் புடவையை முதல் தடவை நனைக்கும்போது பல வீடுகளில் ஒரு வேலை நடக்கும். ஒரு வாளி தண்ணீரில் ரெண்டு கைப்பிடி கல் உப்பைப் போட்டு, அதில் புடவையை ஊற வைப்பார்கள். அப்படிச் செய்தால் சாயம் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. பாட்டி செய்தார், அம்மா செய்தார், இப்போது மகளும் செய்கிறார்.

ஆனால் அடுத்த வாரமே வாளித் தண்ணீர் சிவப்பாகிறது. கூடப் போட்ட வெள்ளை வேட்டி ரோஸ் கலராகிறது. அப்புறம் கடைக்காரரைத் திட்டுவதுதான் மிச்சம்.

துவைக்கும்போது போடுகிற உப்புக்கு சாயத்தைக் கட்டிப் போடும் சக்தி கிடையாது. உப்புத் தண்ணீரில் இருக்கும் வரைக்கும் சாயம் வெளியே வரக் கொஞ்சம் தயங்கும். அடுத்த முறை நல்ல தண்ணீரில் போட்டதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். சாயம் நிற்குமா, ஓடுமா என்பது சாயத் தொட்டியிலேயே முடிவாகி விடுகிறது.

வீட்டில் பழைய துணிக்குக் கலர் ஏற்றிப் பார்ப்பவர்களும், சாயம் முக்கிய துணியை விற்று நாலு காசு பார்க்க நினைக்கிற பெண்களும் இப்போது அதிகமாகி விட்டார்கள். அவர்களுக்கு இந்த விஷயம் தெரியாமல் போனால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

புள்ளி கெட்டால் புடவை போச்சு

நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சவுராஷ்டிரா மக்களின் கைத்தொழில் சுங்குடி. வெள்ளைக் காட்டன் துணியை விரல் நுனியில் கிள்ளி எடுத்து, நூலால் சின்னச் சின்ன முடிச்சு போடுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் நுழையாது. காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்தால் அந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி!

ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. முடிச்சு போடும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் வீட்டில் உட்கார்ந்து செய்வார்கள். ஒரு புடவையை முடிக்கப் பல நாட்கள் ஆகும். 2005-ம் ஆண்டு மதுரை சுங்குடிக்கு புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தனை பாடுபட்ட புடவை, வாங்கியவர் வீட்டில் முதல் சலவையில் சாயம் விட்டால் என்ன ஆகும்? சிவப்பு ஓடிப் போய் வெள்ளைப் புள்ளியில் உட்காரும். பல நாள் முடிச்சு வேலை அரை மணி நேரத்தில் காலி. சாதாரண புடவையில் சாயம் போனால் கலர் மங்கும், அவ்வளவுதான். சுங்குடியில் டிசைனே போய் விடும். அதனால்தான் சாயம் நிற்க வேண்டும் என்கிற கவலை சுங்குடிக்காரர்களுக்கு மற்றவர்களை விட ஒரு படி அதிகம்.

கை முடிச்சு சுங்குடி இப்போது குறைந்து விட்டது. மதுரையிலும் திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டியிலும் மெழுகை அச்சில் தொட்டு வைத்து சாயம் போடும் புடவைகள்தான் கடைகளில் அதிகம். மெழுகு என்றால் சுடு தண்ணீரில் சாயம் போட முடியாது. மெழுகு உருகி விடும். பச்சைத் தண்ணீரில் பிடிக்கிற சாயம் வேண்டும். இந்த ஒரு காரணமே எந்த சாயம் போடலாம், எது கூடாது என்பதைத் தீர்மானித்து விடுகிறது.

துணி என்ன ஜாதி?

பெட்டிக்கடையில் கிடைக்கும் சாயப் பொட்டலம் எல்லாத் துணிக்கும் ஆகும் என்று நினைப்பதுதான் முதல் தப்பு.

துணி எதுவென்று தெரியாவிட்டால் ஓரத்தில் நாலு நூலை உருவி நெருப்பில் காட்டினால் போதும். காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி உருண்டையாகும். பாலியஸ்டருக்கு சாயம் ஏற்ற ஆலைகளில் 130 டிகிரி வரை அழுத்தத்தோடு சூடு கொடுக்கிறார்கள். வீட்டு அடுப்பில் அது நடக்கிற காரியம் இல்லை. டெரிகாட்டன் என்றால் பாதி நூல் சாயம் பிடிக்கும், பாதி பிடிக்காது.

பட்டுக்கும் கம்பளிக்கும் ஆசிட் சாயம். பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம், வினிகர் போன்ற புளிப்பு சேர்ந்தால் பிடிக்கும் என்பதால் அந்தப் பெயர். அதே வினிகரைக் காட்டன் தொட்டியில் ஊற்றினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. காட்டனுக்கு வேண்டியது காரம்.

காட்டனுக்குப் போடுவதில் ரெண்டு வகையைத் தெரிந்து கொண்டால் பாதிக் கிணறு தாண்டியது மாதிரி. ஒன்று டைரக்ட் சாயம். விலை மலிவு. கொதிக்கிற தண்ணீரில் உப்போடு போட்டால் துணியில் ஏறும். ஆனால் நூலில் சும்மா ஒட்டிக் கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பக்கத்தில் எந்த வெள்ளைத் துணி இருந்தாலும் அதில் ஏறிக் கொள்ளும். வெள்ளைப் புள்ளிக்கு இதை விட எதிரி கிடையாது.

இன்னொன்று ரியாக்டிவ் சாயம். 1956-ல் இங்கிலாந்து கம்பெனி ஒன்று முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இது நூலோடு வேதியியல் முறையில் இணைந்து விடும். ஒட்டுவது வேறு, பிணைவது வேறு. பிணைந்ததைத் தண்ணீர் சுலபமாகப் பிரிக்க முடியாது. இதில் கோல்டு பிராண்டு என்று சாயக் கடைகளில் சொல்வது பச்சைத் தண்ணீரிலேயே பிடிக்கும். மெழுகுக்கும் சரி, முடிச்சுக்கும் சரி.

நாப்தால் சாயம் என்று ஒன்றும் உண்டு. அடர் சிவப்பு, மெரூன் எல்லாம் இதில் அருமையாக வரும். ஆனால் காஸ்டிக் சோடா வேண்டும், ஐஸ் வேண்டும், ரெண்டு தொட்டி வேண்டும். பழகாதவர்கள் வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது.

அரை கிலோ புடவைக்கு என்ன கணக்கு?

சாயத்தை அளப்பது தண்ணீரை வைத்து அல்ல, காய்ந்த துணியின் எடையை வைத்து. காட்டன் புடவை அரை கிலோ என்று வைத்துக் கொள்வோம். நடுத்தர கலருக்கு எடையில் 2 சதவீதம், அதாவது 10 கிராம் சாயம். அடர் கலர் என்றால் 20 கிராம். தண்ணீர் 10 லிட்டர். உப்பு அரை கிலோ. சோடா 150 முதல் 200 கிராம். இது துணி துவைக்கும் வாஷிங் சோடா. ஆப்ப சோடா அல்ல! ஆப்ப சோடாவுக்கு அந்தக் காரம் போதாது.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும். பஞ்சில் இயற்கையாகவே மெழுகு, எண்ணெய்ப் பசை உண்டு. சோப்பும் சோடாவும் போட்டு ஒரு மணி நேரம் வேக வைத்து அலசினால்தான் அது போகும். போச்சா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெரியும். உடனே உறிஞ்சினால் துணி தயார். சொட்டு உருண்டு நின்றால் மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டியதுதான். சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தது என்று புலம்புகிறவர்கள் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். முடிச்சு போடுவதோ மெழுகு வைப்பதோ இதெல்லாம் முடிந்த பிறகு.

சாயத் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பிறகு தொட்டியில் ஊற்ற வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டுத் திருப்பி விட்டுக் கொண்டே இருக்க வேண்டும். உப்பை ரெண்டு மூணு தவணையாகச் சேர்க்கலாம். தண்ணீருக்குள் பஞ்சும் சாயமும் ஒன்றை ஒன்று தள்ளும் குணம் உள்ளவை. உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்து சாயத்தை நூல் பக்கம் நெட்டுகிறது. பாட்டி காலத்து உப்பு வைத்தியம் ஒருவேளை இங்கிருந்துதான் வந்ததோ என்னவோ! தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. துவைக்கிற வாளியில் இல்லை.

அரை மணி நேரம் கழித்து, தனியாகக் கரைத்து ஆற வைத்த சோடாவை ஊற்ற வேண்டும். துணி மேல் நேரடியாகக் கொட்டக் கூடாது. சோடா விழுந்த பிறகுதான் சாயம் நூலோடு பிணையும். இன்னும் ஒரு மணி நேரம். இதற்கு மேல் அந்தத் தொட்டித் தண்ணீரை நாளைக்கு ஆகும் என்று எடுத்து வைக்க முடியாது. மீதி சாயம் தண்ணீரோடேயே சேர்ந்து செத்துப் போயிருக்கும். பார்க்கக் கலராகத்தான் இருக்கும், துணியில் பிடிக்காது.

இந்தச் செத்த சாயம்தான் வில்லன். அது நூலுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். முதல் சலவையில் வெளியே வருவது இதுதான். அதனால் சாயம் போட்டதை விட அலசுவதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்கிறார்கள் தொழில் தெரிந்தவர்கள். முடிச்சோடு இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் நாலைந்து தடவை, தண்ணீர் வெளுக்கிற வரை அலச வேண்டும். பிறகு முடிச்சை அவிழ்த்து, சோப்புத் தண்ணீரில் 10, 15 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். மெழுகுத் துணிக்கும் இதே கொதிதான். மெழுகும் போகும், செத்த சாயமும் போகும். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

செத்த சாயம் வெள்ளைப் புள்ளியில் லேசாகத் தங்கினாலும் அதற்குப் பிணையும் சக்தி இல்லாததால் கொதிக்கும் சோப்பில் போய் விடும். டைரக்ட் சாயம் ஏறினால் அப்படிப் போகாது. வித்தியாசம் இதுதான்.

கடைசியாக ஒரு பரிசோதனை. ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்து சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் போதும். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் புடவையை தைரியமாக விற்கலாம்.

சிட்டா நூலுக்கு சாயம் போடுகிறவர்களுக்கும் கணக்கு இதேதான். ஆனால் கழியைக் கட்டும்போது இறுக்கிக் கட்டினால் அந்த இடம் வெள்ளையாக நின்று விடும். தளர்வாகக் கட்ட வேண்டும். ஒரு புடவைக்கு வேண்டிய நூல் அத்தனையும் ஒரே தொட்டியில் போடுவது முக்கியம். நாளைக்கு அதே அளவு போட்டாலும் இன்றைய கலர் அச்சாக வராது. நெய்த பிறகு புடவையில் கோடு கோடாகத் தெரியும்.

மஞ்சளும் ஆரத்தியும்

இயற்கை சாயம் என்றதும் மஞ்சள், பீட்ரூட் என்று சமையலறையில் தேடுகிறார்கள். பீட்ரூட் கலர் ரெண்டு சலவை கூடத் தாங்காது. மஞ்சள் பளிச்சென்று பிடிக்கும், வெயிலில் காய்ந்தால் வெளுத்து விடும். சோப்பு பட்டால் சிவக்கும். ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவப்பாகிறதே, அதே சங்கதிதான். அதை வைத்துப் புடவை போட்டு விற்றால் வாங்கியவர் சோப்பு போட்ட அன்றைக்கே வாசலில் வந்து நிற்பார்.

இயற்கை சாயத்துக்கு நூலைப் பிடித்துக் கொள்ள ஒரு நடுவாள் வேண்டும். அதுதான் படிகாரம். பட்டும் கம்பளியும் படிகாரத்தை நேராகவே ஏற்றுக் கொள்ளும். காட்டன் ஏற்காது. அதற்கு முதலில் கடுக்காய் கொடுக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு பஞ்சில் ஏறி, படிகாரத்தைப் பிடித்து வைக்கும். படிகாரம் சாயத்தைப் பிடித்து வைக்கும்.

அரை கிலோ காட்டனுக்கு 100 கிராம் கடுக்காய்ப் பொடியை ராத்திரி ஊற வைத்து, வடிகட்டி, அதில் துணியை நாலு மணி நேரம் போட்டு, அலசாமல் பிழிந்து காய வைக்க வேண்டும். அடுத்து 75 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி. மறுநாள் லேசாக அலசி, மஞ்சிட்டி வேர்ச் சாறில் கொதி வராத சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் சிவப்பு. மாதுளம் ஓடு என்றால் மஞ்சள். வெங்காயத் தோல் என்றால் ஆரஞ்சு கலந்த மஞ்சள். அந்தக் காலத்தில் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் கிடைத்த சாயவேர்தான் சிவப்புக்குப் பேர் போனது.

கடுக்காய் ஏறிய துணி இரும்பைத் தொட்டால் கறுக்கும். துருப்பிடித்த ஆணியை வெல்லத் தண்ணீரில் சில வாரம் ஊற வைத்துக் கறுப்பு மை எடுப்பது கலம்காரிக்காரர்கள் வழக்கம். அதனால் சிவப்பு வேண்டும் என்கிறவர்கள் இரும்புச் சட்டியைத் தூர வைத்து விட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் போட வேண்டும். அதுவும் சமைக்கிற பாத்திரம் கூடாது.

பச்சையாக வரும் நீலம்

நீலத்தின் கதையே வேறு. அவுரி இலையில் இருந்து எடுக்கும் நீலக்கட்டி தண்ணீரில் கரையவே கரையாது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி விளைகிறது. கட்டியைப் பொடித்து, சுண்ணாம்பு, வெல்லம், தகரை விதை சேர்த்து நாள் கணக்கில் புளிக்க வைப்பது தென்னாட்டு வழக்கம். புளித்ததும் தொட்டி மஞ்சள் கலந்த பச்சையாகும்.

அதில் முக்கி எடுக்கும் துணி பச்சையாகத்தான் வெளியே வரும். காற்று பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகும்! முதல் தடவை பார்க்கிறவர்கள் மலைத்துப் போவார்கள். ஒரே தடவை ரொம்ப நேரம் ஊற வைத்தால் அடர் நீலம் வராது. முக்கு, காற்றாட விடு, மறுபடி முக்கு என்று பல தடவை செய்ய வேண்டும். இதற்குச் சூடு தேவையில்லை என்பதால் மெழுகுத் துணிக்கும் அவுரி ஒத்து வரும். மஞ்சிட்டி ஒத்து வராது.

1856-ல் லண்டனில் பெர்கின் என்ற 18 வயது பையன் மலேரியா மருந்து தேடப் போய், தாரில் இருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1897-ல் ஜெர்மனியில் ரசாயன நீலம் விற்பனைக்கு வந்தது. அதோடு இந்திய அவுரி வியாபாரம் படுத்து விட்டது. சுங்குடித் தொழிலும் பிறகு ரசாயன சாயத்துக்கு மாறியது.

மூக்கும் கையும் பத்திரம்!

ரியாக்டிவ் சாயத் தூளைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஆஸ்துமா போன்ற மூச்சிரைப்பு வந்து விடும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது மூக்கைக் கட்டிக் கொள்வதும் ஃபேனை நிறுத்துவதும் அவசியம். கைக்கு ரப்பர் கையுறை. குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில்தான் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய் விடும். நீலத்துக்குப் போடும் ஹைட்ரோ தூளில் ஈரம் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும். மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைப்பது ஆபத்திலும் ஆபத்து.

பெயரே இல்லாத சாயப் பொட்டலத்தை வாங்கவே கூடாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உடைகிற சாயங்கள் உள்பட 112 சாயங்களைக் கையாள 1990-களில் மத்திய அரசு தடை விதித்தது. பொட்டலத்தில் ஒன்றும் எழுதாமல் இருந்தால் உள்ளே இருப்பது எது என்று எப்படித் தெரியும்?

இயற்கை என்பதால் எல்லாமே பாதுகாப்பு என்பதும் இல்லை. கலர் கூடும் என்று சிலர் மயில்துத்தமும், குரோம் உப்பும் சேர்க்கிறார்கள். மயில்துத்தம் விஷம். குரோம் புற்றுநோய்க்குக் காரணமாகும் சரக்கு. படிகாரத்தோடு நிறுத்திக் கொள்வது நல்லது.

அந்தத் தண்ணீர் எங்கே போகுது?

ஒரு புடவைக்கு அரை கிலோ உப்பு என்று மேலே பார்த்தோம். அந்த உப்பு துணியில் தங்காது. மொத்தமும் சாக்கடைக்குப் போகிறது. கலர் கூட நாளடைவில் மங்கலாம். உப்பு எங்கும் போகாது, மண்ணிலும் கிணற்றிலும் தங்கும்.

திருப்பூரில் நடந்தது இதுதான். சாயத் தண்ணீர் நொய்யலில் கலந்து, 1992-ல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்கு உதவாத உப்புத் தண்ணீர் தேங்கும் இடமாகிப் போனது. சொட்டுக் கழிவு கூட வெளியே விடக் கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாததால் 2011-ம் ஆண்டு ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

வீட்டில் எப்போதாவது ஒரு புடவை போடுகிறவரால் ஆறு கெட்டு விடாது. ஆனால் ஒரு தெருவே போட ஆரம்பித்தால் கதை வேறு. விற்பனைக்குத் தொழிலாக சாயம் போடுகிறவர்களுக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதும் குறிப்பிடத்தக்கது. கடுக்காய் ஊற வைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். உப்பும் சோடாவும் கலந்த தண்ணீரை ஊற்றினால் செடி கருகும். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் கொட்டவே கூடாது.

முறையாகக் கற்றுக் கொள்ள விரும்புகிறவர்களுக்கு மத்திய அரசின் நெசவாளர் சேவை மையங்கள் சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. சாயம் போடும் பயிற்சி பற்றி அங்கே நேரில் விசாரிக்கலாம். போகும்போது சாயம் விட்ட துணியில் ஒரு துண்டையும் கையோடு எடுத்துப் போனால், தப்பு எங்கே நடந்தது என்று கேட்டு வரலாம்.